கார் இல்லாத வீட்டுக்கு எட்டே கால் அடி

ஜனவரி 12, ஞாயிறு

நாங்கள் வீடு கட்டப்போகிறோம். இதை எழுதிவிட்டு ஒரு முறை சத்தமாகப் படித்துப் பார்த்தேன். நம்பும்படியாகத்தான் இருக்கிறது.

கருவம்பட்டியில் மனை மலிவு. சேலத்தில் ஒரு கார் நிறுத்தும் இடத்துக்குக் கேட்கிற விலையில் இங்கே வீட்டுக்கே இடம் வாங்கலாம் என்று தரகர் சொன்னாராம். அவர் நாக்கில் அன்றைக்குச் சனி உட்கார்ந்திருக்க வேண்டும்.

மனை பதினெட்டுக்கு முப்பது. மொத்தம் ஐந்நூற்று நாற்பது சதுர அடி. அம்மாவிடம் பிறந்ததிலிருந்து நான் வாங்கிய அடிகளைக் கூட்டினால் இதைவிடக் கொஞ்சம் அதிகம் வரும்.

இன்று தியாகு சார் வந்தார். பிளான் வரைந்து நகராட்சியில் பாஸ் செய்து தருகிறவர். முன்னால் இவ்வளவு விட வேண்டும், பின்னால் இவ்வளவு விட வேண்டும், மழைநீர்த் தொட்டி வேண்டும், கழிவறைக்கு ஜன்னல் வேண்டும் என்று விதிகளை அடுக்கினார். விட்டதெல்லாம் போக மிச்சம் இருப்பது வீடு என்று புரிந்தது. கடைசியாகப் பெரிய குண்டை எடுத்தார்.

"கார் நிறுத்த எடம் காட்டணுங்க. எட்டே காலுக்குப் பதினாறரை. இல்லைன்னா பிளான் பாஸாவாது."

"எங்ககிட்ட காரே இல்லீங்களே" என்றாள் அம்மா.

"அது சட்டத்துக்குத் தெரியாதுங்க."

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "ஏன் சார், கார் இல்லாதவங்க அந்த எடத்தைக் காலியா விட்டா, அது கார் நிறுத்தற எடமா, கார் நிறுத்தாத எடமா?"

தியாகு சார் அப்பாவைப் பார்த்தார். "பாப்பா வக்கீலுக்குப் படிக்கப் போவுதுங்களா?"

"மொதல்ல பதினொண்ணாவது தாண்டட்டும்" என்றாள் அம்மா.

அப்பா எதையும் காதில் வாங்கவில்லை. அப்பா ஆக்டிங் டிரைவர். எந்த வீட்டு டிரைவர் லீவு போட்டாலும் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். இந்த ஊரில் லோகநாதன் ஓட்டாத கார் கிடையாது. லோகநாதனுக்கென்று ஒரு கார் கிடையாது. பிளானில் அந்த எட்டே காலுக்குள் தியாகு சார் சின்னதாக ஒரு கார் படம் போட்டிருந்தார். அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இது என்ன வண்டிங்க, டிக்கி இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

எனக்கு ஓர் அறை வேண்டும் என்று நான்கு வருஷமாகக் கேட்கிறேன். அம்மா இரண்டு தரத் தயாராக இருந்தாள், கன்னத்துக்கு ஒன்றாக. இப்போது நிஜமாகவே ஒன்று வருகிறது. கார் இடத்துக்குப் பக்கத்தில், ஏழே முக்கால் அடி அகலத்தில். கட்டில் ஆறே கால். மேஜை இரண்டரை. கூட்டினால் எட்டே முக்கால். ஆக, படுக்கலாம், படிக்க முடியாது. படிக்கலாம், படுக்க முடியாது. வராத காருக்கு எட்டே கால், வந்து பதினாறு வருஷமான எனக்கு ஏழே முக்கால்.

ஜனவரி 19, ஞாயிறு

கொத்தனார் முடிவாகிவிட்டது. பெயர் முத்தழகி.

முத்தழகி அக்கா பன்னிரண்டு வருஷம் சித்தாளாகச் சட்டி சுமந்தவர். கலவையைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, கொத்தனார்கள் கரண்டி பிடிப்பதைப் பார்த்துக்கொண்டே நின்று கற்றுக்கொண்டாராம். இரண்டு வருஷமாகச் சுவர் வைக்கிறார். முழு வீடு, சொந்தப் பொறுப்பில், இதுதான் முதல். அவருக்குச் சித்தாள் யார் தெரியுமா? அவர் வீட்டுக்காரர் சின்னதுரை. வாயே திறக்க மாட்டார். மணலும் தண்ணீரும் கேட்ட நேரத்தில் வரும்.

எதிர் மனைக்காரர் பச்சியண்ணன் மாவு மில் வைத்திருக்கிறார். அவரும் வீடு கட்டப்போகிறார், கீழும் மேலுமாக. அவர் மனையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு எங்கள் மனையை வேடிக்கை பார்ப்பதுதான் இப்போதைக்கு அவருக்கு வேலை.

"பொண்டாட்டி கொத்தனாரு, புருசன் சித்தாளு. கலி முத்திப் போச்சு லோகநாதா."

"முத்தித்தாங்க போச்சு, பேர்லயே முத்து இருக்குது" என்றேன் நான். அம்மா கிள்ளினாள்.

முத்தழகி அக்கா சிரித்துக்கொண்டே அவரிடம் சொன்னார்: "இந்த வீட்டப் பாருங்க. புடிச்சா உங்க வீட்டக் குடுங்க. புடிக்கலன்னா ஸ்டூலை எடுத்துட்டுப் போயிருங்க."

"சரி. இது கோணாம வந்துச்சுன்னா என் வீடு உனக்குத்தான். பச்சியண்ணன் பேச்சு மாற மாட்டான்" என்றார் அவர். அக்காவின் சிரிப்பு சட்டென்று நின்றுவிட்டது. கீழும் மேலும் கட்டினால் அப்புறம் இந்த ஊரில் யாரும் அவரை 'கொத்தனாரா, நீயா?' என்று கேட்க மாட்டார்கள். அதை அவர் சொல்லவில்லை. முகத்தில் எழுதியிருந்தது.

ஜனவரி 22, புதன்

நாளைக் காலை பூஜை. இன்று மனையில் அளவு குறித்தார்கள். முளைக்குச்சி அடித்து, நூல் கட்டி, நூலுக்கு அடியில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டார் அக்கா. அந்தக் கோட்டின்மேல்தான் நாளைக்கு ஆட்கள் தோண்டுவார்கள். அஸ்திவாரத்துக்குத் தோண்டுவதற்கு 'வானம் தோண்டுறது' என்று பெயராம். மண்ணுக்குள் வானம்! யார் வைத்த பெயரோ, அந்த ஆளோடு எனக்குப் பழக வேண்டும் போலிருக்கிறது.

என் அறைக்குள் போய் நின்றேன். அதாவது கோட்டுக்குள். குருவிக்கூடுதான்.

"எல்லா ரூமும் கோடு போடறப்ப இப்படித்தான் தெரியும் பாப்பா. சுவரு எந்திரிச்சா பெருசாயிரும்" என்றார் அக்கா.

அவர்கள் ஐந்து மணிக்குப் போய்விட்டார்கள். அப்பாவும் அம்மாவும் மிச்சப் பூஜைச் சாமான் வாங்கப் போனார்கள். தேங்காய், பழம், பச்சரிசி மாவு எல்லாம் இருந்த கூடைக்குக் காவலாக என்னை மனையில் விட்டுப் போனார்கள். பச்சியண்ணனின் ஸ்டூல் காலி.

நல்ல காற்று. வேறு விசேஷம் இல்லை.

வீட்டுக்கு வந்து ஸ்கேலைக் கழுவினேன். ஸ்கேலை யாராவது கழுவுவார்களாடி என்று அம்மா கேட்டாள். கணக்குப் பாடம் அவ்வளவு அழுக்கு என்றேன்.

ஜனவரி 23, வியாழன்

பூஜை நடந்தது. பச்சரிசி மாவு குறைகிறதே என்று அம்மா தேடினாள். காற்று என்றேன்.

ஒரு கோட்டில் மட்டும் எறும்பு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. முத்தழகி அக்கா குனிந்து பார்த்து, "பாருங்கண்ணா, எறும்புகூட நம்ம நூலு புடிச்சுத்தான் போவுது!" என்றார். பூஜைக்கு வந்திருந்த பச்சியண்ணன் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கொஞ்சம் அதிகமாகவே.

வானம் தோண்டிவிட்டார்கள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

அஸ்திவாரம் தரைக்கு மேலே வந்துவிட்டது. அப்பா தினமும் ஒரு கல் குறைகிறதா என்று எண்ணிப் பார்க்கிறார். யாரோ ராத்திரியில் சாப்பிட்டுவிடுவார்கள் என்பது போல.

மார்ச் 2, ஞாயிறு

சுவர் என் தோள் உயரம். அக்கா தூக்குக்குண்டு விட்டுப் பார்க்கிறார், ரசமட்டம் வைத்துப் பார்க்கிறார், கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறார், மறுபடி தூக்குக்குண்டு விடுகிறார். ஒரு வரிசை செங்கல் கால்வாசி விரல் தடிமன் வெளியே வந்துவிட்டதென்று பதினொரு கல்லைப் பிரித்துத் திரும்ப வைத்தார். "யாருக்குத் தெரியப்போகுதுக்கா, மேல பூசிருவீங்கல்ல?" என்றேன்.

"எனக்குத் தெரியுமே" என்றார்.

என் அறையில் நின்று, "பாப்பா ரூமு நல்லா விசாலமா வந்துருச்சே!" என்று தானே ஆச்சரியப்பட்டார். "நீங்கதானக்கா சொன்னீங்க, சுவரு எந்திரிச்சா பெருசாயிரும்னு" என்றேன்.

இந்தப் பக்கத்தை அம்மா படித்தால் ஒன்றும் புரியாது. நல்லது.

மார்ச் 30, ஞாயிறு

சுவரெல்லாம் ஜன்னல் தலை வரை வந்துவிட்டது. மேல்தளம் போடுவதற்கு முன்னால் நகராட்சி ஆள் வந்து அளந்து பார்ப்பாராம். அதற்காகக் கார் இடத்தின் அந்தப் பக்கம் காம்பவுண்டுச் சுவரையும் முதலிலேயே எழுப்பிவிட்டார்கள். இந்தப் பக்கம் என் அறைச் சுவர், அந்தப் பக்கம் காம்பவுண்டு. நடுவில் வராத கார்.

யார் அளந்து பார்க்கப்போகிறார்கள்? காரே இல்லாத வீட்டில் கார் இடத்தை அளப்பவன், பிள்ளையே இல்லாத வீட்டில் தொட்டிலை ஆட்டுபவன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

அளந்தது நகராட்சி இல்லை. அப்பா.

ஜவுளிக்கடை முதலாளியைக் கல்யாணத்தில் விட்டுவிட்டு வரும் வழியில், "நம்ம எடத்துல ஒரு தடவ விட்டுப் பாத்துர்றேன்" என்று அவர் காரை ஓட்டிவந்துவிட்டார். நல்ல அகலமான வண்டி. தெருவே கூடிவிட்டது. பச்சியண்ணன் ஸ்டூலை எங்கள் வாசலுக்கே தூக்கிவந்து போட்டார்.

அப்பா ரிவர்ஸில் வந்தார். ஒரே தடவை. ஸ்டியரிங்கை ஒரு திருப்பு, ஒரு நேர். ஊசியில் நூல் கோப்பது போலிருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். அப்பா ஓட்டுவதைப் பார்த்தால் இந்த மனுஷனுக்கு ஏன் கார் இல்லை என்று யாருக்கும் தோன்றும்.

என்ஜினை நிறுத்தினார். கதவைத் திறந்தார். டொக். சுவர்.

அந்தப் பக்கக் கதவு. டொக்.

அப்பா உள்ளேயே உட்கார்ந்திருந்தார். சொந்த வீட்டில், அடுத்தவர் காரில், வெளியே வர வழியில்லாமல்.

"என்னங்க, எறங்குங்க" என்றாள் அம்மா.

"கதவு தொறக்க மாட்டேங்குது அம்சவேணி."

"பூட்டிட்டீங்களா?"

"நான் பூட்டலடி. வீடு பூட்டிருச்சு."

கடைசியில் கண்ணாடியை இறக்கி, தலையை நீட்டி, சின்னதுரை அண்ணன் தோளைப் பிடித்து இழுக்க, ஜன்னல் வழியாக வெளியே வந்தார். பிரசவம் பார்த்த மாதிரி இருந்தது. தெரு உருண்டு உருண்டு சிரித்தது. வேறு ஒரு நாளாக இருந்தால் இதை வைத்தே நான் ஒரு மாசம் ஓட்டியிருப்பேன்.

தியாகு சாருக்குப் போன் போனது. டேப்போடு வந்தார். கார் இடம் ஏழே கால். "ஒரு அடி கம்மிங்க. இப்படியே வந்து பாத்தாங்கன்னா மேல்தளம் போட விடமாட்டாங்க."

முத்தழகி அக்கா அவர் கையிலிருந்து டேப்பை வாங்கினார். மூன்று முறை அளந்தார். என் அறைக்குள் போய் அளந்தார். வெளியே வந்தபோது அவர் முகம் சுண்ணாம்புதான்.

"ஒரு அடி ரூமுக்குள்ள போயிருக்குதுங்கண்ணா."

"எப்படிம்மா?"

"தெரியலீங்க. நூலு நான்தான் புடிச்சேன்."

பச்சியண்ணன் எழுந்தார். "பொம்பளகிட்டக் குடுத்தா இப்படித்தான்னு நான் அன்னைக்கே நெனச்சேன். ஏம்மா, அடி கணக்கே தெரியாம அடுக்கு மாடி கட்ட வந்துட்டியா? என் வீட்டுக்கு வேற ஆளு பாத்துக்கறேன்." ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

"தப்பு என்னோடதுதாங்க. இடிச்சிட்டு நானே கட்டித் தர்றேன், கூலி வேணாம்" என்றார் அக்கா. அப்பா, யோசித்துச் சொல்கிறேன், அதுவரை வேலை வேண்டாம் என்றார்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். வாய் இருக்கும் இடத்தில் வாய் இருந்தது. திறக்கவில்லை.

எழுதியே விடுகிறேன். அந்தப் புதன்கிழமை சாயங்காலம் இரண்டு முளையையும் பிடுங்கி ஒரு ஸ்கேல் தள்ளி நட்டேன். முப்பது சென்ட்டிமீட்டர், அதாவது ஒரு அடி. ஒன்றை மட்டும் நகர்த்தினால் கோடு கோணி, அக்கா கண்டுபிடித்துவிடுவார். இரண்டையும் சமமாக நகர்த்தினால் எல்லாம் நேராகவே இருக்கும். கணக்கில் நான் மோசமில்லை. சுண்ணாம்புக் கோட்டைக் காலால் கலைத்து மண்ணைத் தள்ளி மூடினேன். புதுக்கோட்டைப் பச்சரிசி மாவால் இழுத்தேன். கோலம் போட்ட கை, பிசிறே இல்லை. காருக்குத் தெரியாமல் காரிடமிருந்து ஒரு அடி. காருக்கு வலிக்காது என்று நினைத்தேன்.

ஏப்ரல் 7, திங்கள்

பசி இல்லை. வெயில்.

ஏப்ரல் 9, புதன்

பேக்கரியில் ஒருவர் இன்னொருவரிடம் சொல்கிறார்: "பொம்பள கொத்தனாரு வெச்ச சுவத்துல காரு மாட்டிக்கிச்சாம், ஆளு ஜன்னல் வழியா எறங்கினாராம்." மூன்று தெரு தள்ளி. மூன்றே நாளில். எங்கள் ஊர்த் தண்ணீர்கூட இவ்வளவு வேகமாக வராது.

ரஸ்க் வாங்கப் போனவள் வாங்காமலே வந்துவிட்டேன்.

ஏப்ரல் 12, சனி

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கடை கட்டுகிறார்கள். சைக்கிளில் அந்தப் பக்கம் போனேன். தலையில் சும்மாடு, அதன்மேல் கலவைச் சட்டி. முத்தழகி அக்கா. மேலே சாரத்தில் நின்ற ஆள், "சீக்கிரம் ஏறு, கலவை இறுகுது" என்று கத்தினார். அக்கா ஏணியில் ஏறினார்.

நான் திரும்பிவிடலாம் என்று சைக்கிளைத் திருப்பினேன். அவர் பார்த்துவிட்டார்.

"சாப்டியா பாப்பா?"

"சாப்டேங்க்கா."

"முகமெல்லாம் வாடிக் கெடக்குது. வெயில்ல சுத்தாத."

அவ்வளவுதான். திட்டியிருந்தால் சமாளித்திருப்பேன். திட்டுக்கு என்னிடம் எப்போதும் பதில் இருக்கும்.

ஏப்ரல் 13, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

காலையில் அம்மா இட்லி ஊற்றிக்கொண்டிருந்தாள், அப்பா ஷேவ் செய்துகொண்டிருந்தார். ஒரே மூச்சில் சொன்னேன்: முளை, ஸ்கேல், மாவு. அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். எனக்கு ஓர் அறை கிடைத்தது. நான்கு வருஷமாகக் கேட்டது, வலது கன்னத்தில்.

அப்பா பாதி ஷேவோடு உட்கார்ந்திருந்தார். "ஏண்டி, மாவுல கோடு போட்டியா?" என்று மட்டும் மெதுவாகக் கேட்டார். அப்புறம் மிச்ச முகத்தையும் மழித்துவிட்டுச் சட்டையை மாட்டினார். "வண்டியில இடிச்சிட்டு நிக்காமப் போனா அது வேற கேசு. வா."

முத்தழகி அக்கா வீட்டில் சின்னதுரை அண்ணன் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அக்கா தரையில் உட்கார்ந்து கேட்டார். பிறகு,

"ரெண்டு முளையுமா நகத்தின?"

"ஆமாக்கா."

"அதான் மூலைக்கு மூலை மூலமட்டம் வெச்சுப் பாத்தப்ப சரியா நின்னுச்சு." சட்டென்று நெற்றியில் அடித்துக்கொண்டார். "எறும்பு! சுண்ணாம்புல எறும்பு வருமா? கண்ணு முன்னால போச்சே, நான் சிரிச்சேனே!"

நானும் சிரிக்கப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

"ஒரு வாரமா நான் தூங்கல பாப்பா. நூலு புடிச்ச கையை நானே நம்பல. பன்னெண்டு வருசம் கத்துக்கிட்டது பொய்யோன்னு இருந்துச்சு. நேத்து ஏணியில ஏறறப்ப, இதுதான் நமக்குன்னு நெனச்சுட்டேன்."

மன்னிப்பு கேட்பதற்கு நான் ஒரு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன், அழகான வாக்கியம். அது வரவில்லை. "இடிங்கக்கா, நான் கல்லு சுமக்கறேன்" என்றுதான் வந்தது.

"சுமப்ப. கண்டிப்பாச் சுமப்ப" என்றார். அதில் கொஞ்சம் பழைய அக்கா இருந்தார்.

அங்கிருந்து மாவு மில்லுக்குப் போனோம். பச்சியண்ணன் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அது பச்சரிசி மாவுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். மாவு பாத்த கண்ணு இது. உங்க பூஜையில அப்படி ஒரு மொறையாட்ட இருக்குதுன்னு நெனச்சேன்."

"அப்ப நம்பறீங்கல்ல?" என்று கேட்டார் அப்பா.

"மாவ நம்பறேன். உங்கள எப்படி நம்பறது? கூலி வாங்காம அந்தம்மா இடிச்சுக் கட்டித் தருது. அதுக்குப் பதிலா நீ உன் பொண்ணைக் கூட்டிவந்து பழிய மாத்திச் சொல்ல வெக்கிற. சின்னப் பொண்ணு சொன்னா யாரும் கோவிக்க மாட்டாங்கல்ல?"

"கூலி குடுத்துத்தாங்க இடிக்கறோம்" என்றார் அப்பா.

"அத யாரு பாத்தா?" மெஷினைப் போட்டுவிட்டார். அந்தச் சத்தத்தில் உண்மையும் பொய்யும் ஒரே நைசாக அரைபட்டது.

ஏப்ரல் 17, வியாழன்

என் சுவரை இடித்தோம். நான் இன்று மட்டும் நூற்றுப் பத்து செங்கல் சுமந்தேன். உடையாத கல்லைத் தனியே அடுக்கச் சொன்னார் அக்கா. சின்னதுரை அண்ணன் இந்த மூன்று மாசத்தில் முதல் முறையாக என்னிடம் பேசினார்: "சும்மாட்ட இன்னும் இறுக்கிக் கட்டு." அதோடு இந்த வருஷத்துக்கான பேச்சை முடித்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஒரு அடி தள்ளிப் புது வானம் தோண்டியாயிற்று. அக்கா காலையிலும் மதியமும் சாயங்காலமும் அளக்கிறார். நான் பக்கத்தில் போனாலே முளையைக் காலால் மறைத்துக்கொள்கிறார்.

மே 1, வியாழன்

சுவர் எழும்பிவிட்டது. என் அறை மறுபடியும் ஏழே முக்கால். கட்டில் போட்டுவிட்டு ஜன்னல் திண்டில் நோட்டை வைத்து எழுதிக்கொள்ள வேண்டியதுதான். அறை கேட்டு வாங்கியவளுக்கு அளவோடுதான் கிடைக்கும்.

அக்காவுக்கு இதற்கப்புறம் வேலை எதுவும் வந்ததாகத் தெரியவில்லை. கேட்டால், "வரும் பாப்பா" என்கிறார். எங்கே வருவது? ஐந்து பேரிடம் நானே போய்ச் சொன்னேன். ஐந்து பேரும் 'அப்படியா' என்றார்கள். ஒருவரும் ஆறாவது ஆளிடம் சொல்லவில்லை. காரில் மாட்டிய கதை மட்டும் ஊர் தாண்டிப் போய்விட்டது. பொய்யில் சிரிக்க இடம் இருக்கிறது, உண்மையில் இல்லை. அதுதான் வித்தியாசம். உண்மையையும் கொஞ்சம் சிரிக்கிற மாதிரிச் செய்ய வேண்டும், தெருவில் போகிறவன் நின்று படிக்கிற மாதிரி.

இந்த வேலைக்கு இந்த ஊரில் என்னைவிட்டால் யார்?

மே 3, சனி

நகராட்சி ஆள் வந்தார். எட்டே கால். கையெழுத்துப் போட்டார். ஒரு டீகூடக் குடிக்கவில்லை. இதற்கா இத்தனை பாடு.

மே 4, ஞாயிறு

காலை ஆறு மணிக்கு நீலப் பெயின்ட்டோடு போனேன். கார் இடத்தில், இடித்துக் கட்டிய அதே சுவரில், தெருவிலிருந்து தெரிகிற பக்கம், ஒரு ஸ்கேல் உயர எழுத்தில் 'கவனிக்கவும்' என்று ஆரம்பித்தேன். அதற்குக் கீழே கொஞ்சம் சின்ன எழுத்தில்:

"இந்தச் சுவரை முதலில் ஒரு அடி தள்ளி வைத்தது இந்த வீட்டுப் பெண் லோ. இலக்கியா. கொத்தனாருக்குத் தெரியாமல் முளையை நகர்த்தி, மாவால் கோடு போட்டாள். எறும்பு சாட்சி. இடித்துச் சரியாகக் கட்டியது கொத்தனார் முத்தழகி. அகலம் எட்டே கால் அடி. சந்தேகம் இருப்பவர் அளந்து பார்க்கலாம். டேப் உள்ளே இருக்கிறது."

அம்மா வந்து படித்தாள். "அய்யோ, பேரையும் இனிஷியலையும் போட்டு எழுதியிருக்காளே! நாளைக்கு இவளைப் பொண்ணு பாக்க வர்றவன் இதப் படிச்சுட்டுத்தான உள்ளயே வருவான்?"

"படிச்சுட்டும் வர்றவன் வரட்டும்மா. அளந்து பாத்து வந்தவனா இருப்பான்."

அம்மா சுண்ணாம்பு மட்டையைத் தேடினாள், அழிக்க. அப்பா சுவருக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார். "இருக்கட்டும் அம்சவேணி. காரு வர்ற வரைக்கும் சுவரு சும்மாதான கெடக்குது."

ஒன்பது மணிக்குள் கூட்டம். சிரித்தார்கள். செல்போனில் படம் எடுத்தார்கள். டேப் நான்கு முறை வெளியே போய் வந்தது. ஒரு தாத்தா நம்பாமல் காலடியாலும் அளந்து பார்த்தார். பேக்கரிக்காரர் கடையை விட்டுவிட்டு வந்து, "இந்தப் பொண்ணா?" என்று என்னைப் பார்த்தார். நான் கும்பிட்டேன். பச்சியண்ணன் அவர் மனையில் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே கண்ணை இடுக்கிப் படித்தார். அவர் உதடு அசைவது இங்கிருந்தே தெரிந்தது. படித்துவிட்டுக் கிளம்பவில்லை. அளந்து பார்க்க வரவும் இல்லை.

பத்து மணிக்கு முத்தழகி அக்கா சாரக் கம்புகளை எடுக்க வந்தார். கூட்டம் விலகி வழி விட்டது. சுவரைப் பார்த்தார். மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தார். தன் பெயர் வந்த இடத்தில் நின்றார். அதற்கு முன்னால் இருந்த 'கொத்தனார்' என்பதை இன்னொரு தடவை படித்தார் என்று எனக்குத் தோன்றியது. நான் சுவரைப் பார்ப்பதா, அவரைப் பார்ப்பதா என்று தெரியாமல் பெயின்ட் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏம் பாப்பா" என்றார். "இவ்ளோ எழுதினியே, போன் நம்பர் எங்க?"

சொன்னார், நான் எழுதினேன். பத்து எண்களும் காயவில்லை, அவர் போன் அடித்தது.

அக்கா எடுத்துப் பார்த்தார். நிமிர்ந்து தெருவுக்கு அந்தப் பக்கம் பார்த்தார். எல்லோரும் திரும்பினோம். பச்சியண்ணன் ஸ்டூலில் எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து, போனைக் காதில் வைத்திருந்தார். இருபது அடி தூரம்தான்.

அக்கா சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு, போன் இல்லாமலே கேட்கும் சத்தத்தில் பேசினார்.

"ஆமாங்க, கொத்தனார் முத்தழகிதான் பேசறேன். நீங்க யாருங்க?"

பச்சியண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, தன் பெயர், ஊர், மில் இருக்கும் தெரு, கட்டவேண்டிய வீடு எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.